மூன்று போர்ட், ஆறு கன்சோல்: ஒரே டிவியில் எல்லாவற்றையும் இணைப்பது எப்படி

இன்றைய 4கே டிவிகள் பலவற்றில் எச்டிஎம்ஐ போர்ட் மூன்றுதான் இருக்கும். விலை கூடியவற்றில் நான்கு. ஒன்றை செட்-டாப் பாக்ஸ் பிடித்துக்கொள்ளும், இன்னொன்றை சவுண்ட்பார். மிச்சமிருக்கும் ஒன்றுக்கு பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5), எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், நிண்டெண்டோ ஸ்விட்ச் மூன்றும் போட்டி. அலமாரியில் பிஎஸ்3, பிஎஸ்2, நிண்டெண்டோவின் வீ என்று பழையவையும் இருந்தால் கேட்கவே வேண்டாம். ஒவ்வொரு முறையும் டிவிக்குப் பின்னால் கைவிட்டு கேபிளை மாற்றிச் செருகுவது நல்லதல்ல. எச்டிஎம்ஐ சாக்கெட் என்பது சர்க்யூட் போர்டின் மேல் சாலிடரை நம்பி நிற்கும் சின்ன உதிரி. அடிக்கடி இழுத்துச் செருகினால் சாலிடர் விட்டுப்போகும். சரிசெய்ய போர்டையே கழற்ற வேண்டிவரும்.

பெரிய பெட்டி ஒன்றை வாங்கி எல்லாக் கன்சோலையும் அதில் செருகிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றும். அப்படிச் செய்தால் விலை கூடிய கன்சோலின் படம்தான் முதலில் கெடும். எந்தக் கன்சோல் எவ்வளவு அனுப்புகிறது என்று பார்த்து, அதிகம் அனுப்புவதற்கு டிவியின் நல்ல போர்ட்டை நேரடியாகக் கொடுத்துவிட்டு, குறைவாக அனுப்புபவை மட்டும் ஒரு போர்ட்டைப் பங்கிட்டுக்கொள்ளும்படி செய்ய வேண்டும். கீழே வருவதெல்லாம் இந்தப் பிரிப்பைச் செய்யும் விதம்தான்.

போர்ட்டுகள் எல்லாம் ஒன்றல்ல

எச்டிஎம்ஐ கேபிளைத் தண்ணீர்க் குழாய் போல நினைத்துக்கொள்ளுங்கள். குழாயின் அகலம்தான் கேள்வி. எச்டிஎம்ஐ 1.4-இல் நொடிக்கு 10.2 ஜிகாபிட் போகும், 2.0-இல் 18, 2.1-இல் 48 வரை. 1080பி படம் நொடிக்கு 60 ஃபிரேம் போக சுமார் 4.5 ஜிகாபிட் போதும். அதே 60 ஃபிரேம் 4கே ஆனால் 17.8 ஆகிவிடும், அதாவது 2.0 குழாய் விளிம்பு வரை நிறைந்துவிட்டது. 4கே படம், வெளிச்சமும் நிறமும் கூடுதலாகத் தெரியும் எச்டிஆரோடு 120 ஃபிரேம் வேண்டுமென்றால் 2.1 மட்டுமே வழி.

இப்போது கன்சோல்களைப் பாருங்கள். 2017-இல் வந்த நிண்டெண்டோ ஸ்விட்ச், டிவியோடு இணைக்கும் டாக் என்ற தாங்கியில் வைத்தாலும் 1080பி 60-ஐத் தாண்டாது. பிஎஸ்3, வீ யூ, சாதாரண பிஎஸ்4 எல்லாம் இதே அளவுதான். பிஎஸ்4 புரோவும் எக்ஸ்பாக்ஸ் ஒன் எக்ஸும் 4கே 60 வரை போகும். 2025-இல் வந்த ஸ்விட்ச் 2, டாக்கில் 4கே 60, அல்லது 1440பி, 1080பி-யில் 120. 4கே 120 கேட்பவை 2020-இல் வந்த பிஎஸ்5-உம் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸும்தான். அவற்றிலும் பிஎஸ்5 சுமார் 32 ஜிகாபிட்டோடு நின்றுவிடும், எக்ஸ்பாக்ஸ் 40 வரை போகும். ஆறு கன்சோல் உள்ள வீட்டிலும் அகலமான குழாய் வேண்டியவை பெரும்பாலும் இரண்டே இரண்டு என்பது இதிலிருந்து தெரியும்.

டிவி பக்கமும் இதே கதைதான். பல டிவிகளின் சிப் இரண்டு 2.1 போர்ட்டுகளை மட்டுமே தருகிறது. அந்த இரண்டில் ஒன்றே, டிவியின் ஒலியை சவுண்ட்பாருக்குத் திருப்பி அனுப்பும் இ-ஆர்க் போர்ட்டாகவும் இருக்கும். போர்ட்டுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் ‘4கே 120’ என்றோ ‘இ-ஆர்க்’ என்றோ அச்சிட்டிருப்பார்கள். மொபைலில் ஃபிளாஷ் போட்டு ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால் பிறகு குனிந்து பார்க்க வேண்டியதில்லை.

இன்னொன்றும் உண்டு. போர்ட்டுக்கு அகலம் இருந்தாலும் டிவி அதை முழுதாகத் திறந்து வைக்காது. எல்ஜியில் ‘எச்டிஎம்ஐ அல்ட்ரா எச்டி டீப் கலர்’, சாம்சங்கில் ‘இன்புட் சிக்னல் பிளஸ்’, சோனியில் ‘எச்டிஎம்ஐ சிக்னல் ஃபார்மட்’ என்ற பெயரில் ஒவ்வொரு போர்ட்டுக்கும் தனித்தனி அமைப்பு இருக்கும். அதை மாற்றாத வரை பிஎஸ்5-ஐச் செருகினாலும் எச்டிஆர் வராமல் போகலாம். ஸ்விட்ச்சர் மோசம், கேபிள் மோசம் என்று முடிவு கட்டும் முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

ஸ்விட்ச்சரும் ஸ்ப்ளிட்டரும்

பல கருவிகளை உள்ளே வாங்கி, அவற்றில் ஒன்றை மட்டும் டிவிக்கு அனுப்பும் பெட்டிதான் எச்டிஎம்ஐ ஸ்விட்ச். நிண்டெண்டோவின் கன்சோலோடு குழம்பிவிடாமலிருக்க இங்கே அதை ஸ்விட்ச்சர் என்றே எழுதுகிறோம். ஸ்ப்ளிட்டர் இதற்கு நேர் எதிர்: ஒரு கன்சோலின் படத்தை இரண்டு டிவிக்குப் பிரித்துக் கொடுக்கும். பார்க்க இரண்டும் ஒரே மாதிரி இருக்கும், கடையிலும் இரண்டையும் மாற்றி எடுத்துக் கொடுப்பதுண்டு. அட்டையில் உள்ளே எத்தனை, வெளியே எத்தனை என்று பார்த்து வாங்குங்கள். நமக்கு வேண்டியது வெளியே ஒன்று மட்டும் உள்ளது.

ஸ்விட்ச்சரில் இரண்டு வகை. விலை குறைந்த ‘இருவழி’ ஸ்விட்ச்சரில் ஒரு பட்டன் மட்டும் இருக்கும், மின்சாரம் தேவையில்லை, உள்ளே வெறும் இணைப்பு மாற்றம்தான். இரண்டு கன்சோலுக்கும் 1080பி-க்கும் இது தாராளமாகப் போதும். ஆனால் இது சிக்னலுக்கு எந்த வலுவும் சேர்க்காது. நடுவே கூடுதலாக ஒரு பிளக்கும் சாக்கெட்டும் சேர்வதால் இழப்புதான் கூடும். 4கே 60-இல் திரையில் வெள்ளைப் பொட்டுகள் மின்னுவதும், 4கே 120-இல் ஓரிரு நொடி கறுத்துப்போவதும் பெரும்பாலும் இந்த வகையில்தான்.

மற்றது சிப் உள்ள ஸ்விட்ச்சர். வரும் சிக்னலைச் சீராக்கி மறுபடி அனுப்பும், ரிமோட்டும் இருக்கும். இதற்கு மின்சாரம் வேண்டும். எச்டிஎம்ஐ கேபிளின் 18-ஆவது பின்னில் கன்சோல் 5 வோல்ட் அனுப்பும். பல பெட்டிகள் அதை வைத்தே ஓடிவிடலாம் என்று பார்க்கும். ஆனால் அந்தப் பின்னில் கன்சோல் கட்டாயம் தர வேண்டியது 55 மில்லி ஆம்பியர்தான். சில கன்சோல் அதற்கு மேலும் தரும், சில தராது. ஒரு கன்சோலில் நன்றாக ஓடும் ஸ்விட்ச்சர் இன்னொன்றில் தடுமாறினால் பெரும்பாலும் காரணம் இதுதான். பெட்டியில் மைக்ரோ யூஎஸ்பி அல்லது டைப்-சி பவர் துளை இருந்தால், பழைய மொபைல் சார்ஜர் ஒன்றை எடுத்து முதல் நாளே செருகிவிடுங்கள். டிவியின் யூஎஸ்பி துளையிலும் செருகலாம். ஆனால் டிவியை அணைத்தால் அதுவும் அணையும், பிறகு போடும்போது ஸ்விட்ச்சர் தாமதமாக விழிக்கும். சார்ஜரே மேல்.

ஆட்டோ ஸ்விட்ச்சிங் பற்றியும் தெரிந்துகொள்ள வேண்டும். எந்த உள்வழியில் புதிதாக 5 வோல்ட்டோ சிக்னலோ வருகிறதோ, பெட்டி அந்தப் பக்கம் தானாகத் தாவும். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஓய்வு நிலையில் இருக்கும் கன்சோலும், அணைத்தது போலத் தோன்றும் செட்-டாப் பாக்ஸும் அந்த 5 வோல்ட்டை விடாமல் அனுப்பிக்கொண்டிருப்பதுண்டு. நிண்டெண்டோ ஸ்விட்ச்சில் விளையாடும்போது செட்-டாப் பாக்ஸ் தானாக அப்டேட்டுக்கு விழித்தால், திரையில் திடீரென்று சேனல் பட்டியல் வந்து நிற்கும். ஆட்டோவை அணைக்க வசதி உள்ள பெட்டியாகப் பார்த்து வாங்கி, ரிமோட்டில் மாற்றுவதே நிம்மதி.

விளையாட்டில் தாமதம் வருமா என்று பலரும் கேட்பார்கள். வராது. ஸ்விட்ச்சர் படத்தைச் சேமித்து வைப்பதில்லை, அப்படியே கடத்துகிறது. தாமதம் வருவது பழைய கன்சோலின் படத்தை எச்டிஎம்ஐயாக மாற்றும் கன்வர்ட்டரிலும், டிவியின் பட மெருகேற்றலிலும்தான்.

கன்சோலும் டிவியும் பேசிக்கொள்வது

கேபிளைச் செருகியதும் கன்சோல், டிவியிடம் ‘உனக்கு என்னென்ன தெரியும்?’ என்று கேட்கும். எந்த ரெசல்யூஷன், எத்தனை ஹெர்ட்ஸ், எச்டிஆர் உண்டா, எந்த ஒலி வடிவம் என்று டிவி ஒரு பட்டியலை அனுப்பும். இதன் பெயர் இடிஐடி. பிறகு, நகலெடுப்பைத் தடுக்கும் எச்டிசிபி என்ற பூட்டுக்கான சாவியை இரண்டும் பரிமாறிக்கொள்ளும். இது முடிந்தபின்தான் படம் வரும். ஸ்விட்ச்சரில் உள்வழியை மாற்றும்போதெல்லாம் இந்தப் பேச்சு முதலிலிருந்து நடக்கும். மூன்று நான்கு நொடி திரை கறுத்திருப்பது அதனால்தான், அது பழுதல்ல.

பழுது எப்போது வரும்? ஸ்விட்ச்சர் டிவியின் பட்டியலை அப்படியே கடத்தாமல், தன்னிடம் உள்ள ஒரு பட்டியலை நீட்டும்போது. அதில் 120 ஹெர்ட்ஸ் இல்லையென்றால் கன்சோலும் 120-ஐக் காட்டாது. ‘8கே’ என்று அட்டையில் அச்சிட்டிருப்பதால் மட்டும் இது சரியாகிவிடாது. சோதிக்க எளிய வழி இருக்கிறது. பிஎஸ்5-ஐ முதலில் டிவியில் நேரடியாகச் செருகி, செட்டிங்ஸில் ஸ்கிரீன் அண்ட் வீடியோ, வீடியோ அவுட்புட், வீடியோ அவுட்புட் இன்ஃபர்மேஷன் என்ற பக்கத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ரெசல்யூஷன், ஹெர்ட்ஸ், நிற வடிவம், எச்டிசிபி எல்லாம் அங்கே இருக்கும். பிறகு ஸ்விட்ச்சர் வழியாகச் செருகி அதே பக்கத்தைப் பாருங்கள். ஒரு வரி மாறியிருந்தாலும் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். எக்ஸ்பாக்ஸில் இதற்கு ‘4கே டிவி டீடெய்ல்ஸ்’ என்று தனிப் பக்கம் உண்டு.

ஸ்விட்ச்சருக்குப் பின்னால் இன்னொரு ஸ்விட்ச்சர் என்று அடுக்கவும் கூடாது. ஒவ்வொரு பெட்டியும் இந்தப் பேச்சுக்கு நடுவே நிற்கும் ஆள். 1080பி-யில் இரண்டு வரை தாங்கலாம், 4கே-யில் வம்பு.

எதை எங்கே செருகுவது

மூன்று போர்ட் டிவியை எடுத்துக்கொள்வோம். போர்ட் 1: 2.0. போர்ட் 2: 2.1. போர்ட் 3: 2.1, இ-ஆர்க்கும் அதுவே. சவுண்ட்பார் அதில்தான் இருக்கிறது.

போர்ட் 1-இல் ஐந்து உள்வழி உள்ள 18 ஜிகாபிட் ஸ்விட்ச்சர். அதில் செட்-டாப் பாக்ஸ், நிண்டெண்டோ ஸ்விட்ச், பிஎஸ்3, பழைய கன்சோல்களுக்கான ஒரே கன்வர்ட்டர். ஓர் உள்வழி காலி. இவை எல்லாமே 1080பி-க்குள் அடங்குபவை என்பதால் சாதாரணப் பெட்டியே போதும், கேபிளும் வீட்டில் இருப்பதே போதும். போர்ட் 2-இல் பிஎஸ்5 நேரடியாக.

எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸுக்கு இடம்? இங்கே மூன்று வழி. நீங்கள் ஆடும் கேம்கள் 120 ஃபிரேம் தருபவை அல்ல என்றால், ஸ்விட்ச்சரில் காலியாக உள்ள உள்வழியே போதும்; 4கே 60 எச்டிஆரோடு வரும். 120 வேண்டுமென்றால் இரண்டு உள்வழி உள்ள 48 ஜிகாபிட் ஸ்விட்ச்சரைப் போர்ட் 2-இல் வைத்து பிஎஸ்5-ஐயும் எக்ஸ்பாக்ஸையும் அதில் சேர்க்கலாம். அல்லது சவுண்ட்பாரை ஆப்டிகல் கேபிளுக்கு மாற்றிப் போர்ட் 3-ஐ விடுவிக்கலாம். ஆப்டிகலில் டால்பி டிஜிட்டல் 5.1 வரை வரும், மேலிருந்தும் ஒலி வருவது போலக் காட்டும் அட்மாஸ் வராது. சவுண்ட்பாரே இரண்டு ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும் உள்ள வகை என்றால் இழப்பதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. 120 வேண்டும் என்பவர்களுக்கு இந்த மூன்றாவது வழிதான் செலவும் சிக்கலும் குறைந்தது. அட்மாஸ் சவுண்ட்பார் வைத்திருப்பவர்கள் இரண்டாவது வழிக்குப் போகலாம்.

48 ஜிகாபிட் என்றால் கேபிளும் அதற்கேற்றதாக வேண்டும். ‘அல்ட்ரா ஹை ஸ்பீடு’ என்ற சான்று ஸ்டிக்கரும் ஸ்கேன் செய்யும் கியூஆர் கோடும் அட்டையில் இருக்கும். பிஎஸ்5-உம் சீரிஸ் எக்ஸும் தங்கள் பெட்டியிலேயே இந்த வகைக் கேபிளைத் தருகின்றன; அவற்றை வேறு எதற்கும் எடுத்துவிடாதீர்கள். கன்சோலிலிருந்து ஸ்விட்ச்சருக்கு ஒரு மீட்டர், அங்கிருந்து டிவிக்கு ஒன்று அல்லது இரண்டு மீட்டர்: மொத்தம் மூன்றுக்குள் நிறுத்தினால் தொல்லை வராது. 1080பி கன்சோலுக்கு ஐந்து மீட்டர் கேபிளும் ஓடும்.

ஒரு ஸ்விட்ச்சரில் பல கருவி என்றால் டிவியின் பார்வையில் எல்லாம் ஒரே போர்ட். பட அமைப்பும் எல்லாவற்றுக்கும் ஒன்றே. பிஎஸ்5-உம் எக்ஸ்பாக்ஸும் டிவியைத் தாங்களே கேம் மோடுக்கு, அதாவது மெருகேற்றலைக் குறைத்துத் தாமதத்தைத் தவிர்க்கும் அமைப்புக்கு, மாற்றும். 2017-இன் நிண்டெண்டோ ஸ்விட்ச்சும் பிஎஸ்3-உம் மாற்றாது. எனவே போர்ட் 1-க்குக் கேம் மோடைக் கையால் போட்டுவிடுங்கள். செட்-டாப் பாக்ஸில் படம் பார்க்கும்போது மெருகு கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

டிவியும் கன்சோலும் ஒன்றையொன்று இயக்கும் சிஇசி வசதி ஸ்விட்ச்சர் வழியாகப் போகும்போது பாதி வேலை செய்யும், பாதி செய்யாது. கன்சோலைப் போட்டால் டிவி போர்ட் 1-க்கு மாறும். ஸ்விட்ச்சர் மட்டும் பழைய உள்வழியிலேயே நிற்கும். அல்லது நிண்டெண்டோ ஸ்விட்சை டாக்கிலிருந்து எடுத்ததும் டிவி அணையும். ஸ்விட்ச்சருக்குப் போகும் கன்சோல்களில் இதை அணைத்துவிடுங்கள்: நிண்டெண்டோவில் டிவி செட்டிங்ஸின் கீழே ‘மேட்ச் டிவி பவர் ஸ்டேட்’, பிஎஸ்5-இல் சிஸ்டம், எச்டிஎம்ஐ என்பதன் கீழே ‘எச்டிஎம்ஐ டிவைஸ் லிங்க்’. சவுண்ட்பாருக்கு மட்டும் சிஇசி தேவை, டிவியில் அதை அணைக்க வேண்டாம். சவுண்ட்பாரை ஸ்விட்ச்சரில் செருகிப் பார்ப்பவர்களும் உண்டு. ஆர்க் என்பது டிவியிலிருந்து ஒலி திரும்பி வரும் பாதை, சாதாரண ஸ்விட்ச்சர் அதைக் கடத்தாது.

ஸ்பீக்கர்களை இயக்கும் ஏவி ரிசீவர் வைத்திருப்பவர்களுக்கு அதுவே பெரிய ஸ்விட்ச்சர். ஆறு ஏழு உள்வழி இருக்கும். அதிலும் எல்லா உள்வழியும் 2.1 அல்ல. 2020-இல் வந்த சில மாடல்களில் எச்டிஎம்ஐ சிப்பிலேயே குறை இருந்து, சீரிஸ் எக்ஸின் 4கே 120 படம் வராமல் போனது. பழைய ரிசீவர் என்றால் புதிய கன்சோலை டிவியில் நேரடியாகச் செருகி, ஒலியை மட்டும் இ-ஆர்க் வழியாக ரிசீவருக்கு அனுப்புங்கள்.

எச்டிஎம்ஐ இல்லாத பழைய கன்சோல்கள்

இங்கேதான் பலரும் பணத்தை வீணாக்குகிறார்கள். பிஎஸ்2-க்கு ஒரு கன்வர்ட்டர், வீ-க்கு ஒன்று, டிவி கேமுக்கு ஒன்று என்று வாங்கி, மூன்றையும் எச்டிஎம்ஐ ஸ்விட்ச்சரில் செருகி மூன்று உள்வழியைச் செலவழிக்கிறார்கள். பழைய சிக்னலிலேயே முதலில் எல்லாவற்றையும் ஒன்றாக்கி, கடைசியில் ஒரே ஒரு தடவை எச்டிஎம்ஐயாக மாற்றினால் போதும்.

பழைய கன்சோல்கள் படத்தை அனுப்பும் வழிகளைத் தரம் ஏறும் வரிசையில் பார்ப்போம். மஞ்சள் பிளக் ஒன்றிலேயே வெளிச்சமும் நிறமும் கலந்து வருவது காம்போசிட். இரண்டையும் பிரித்து நான்கு பின்னில் அனுப்புவது எஸ்-வீடியோ. பச்சை, நீலம், சிவப்பு என மூன்று பிளக்கில் வருவது காம்பொனென்ட். அதற்கு இணையானது ஐரோப்பாவின் 21 பின் ஸ்கார்ட் வழி வரும் ஆர்ஜிபி. ஜப்பானிலும் அதே வடிவில் 21 பின் பிளக் உண்டு, உள் இணைப்பு வேறு. இரண்டையும் கலந்து செருகினால் கருவி கெடக்கூடும். 90-களில் நம் ஊரில் விற்ற 8-பிட் டிவி கேம்களில் ஆன்டெனா வழி ஆர்எஃப், மஞ்சள் பிளக் இரண்டும் இருக்கும். மஞ்சளையே பயன்படுத்துங்கள்.

பிஎஸ்2, வீ இரண்டுக்கும் காம்பொனென்ட் கேபிள் கிடைக்கும், அதுவே சரியான தேர்வு. அந்தக் கேபிளில் ஐந்து பிளக், சிவப்பு இரண்டு. ஒன்று படத்துக்கு, ஒன்று வலது ஒலிக்கு. படத்தின் மூன்றும் ஒரு கொத்தாகவும், வெள்ளையும் இன்னொரு சிவப்பும் தனிக் கொத்தாகவும் பிரிந்திருக்கும். சிவப்புகள் மாறினால் படம் பச்சையும் நீலமுமாக வரும், ஒரு பக்க ஸ்பீக்கரில் இரைச்சல் கேட்கும்.

கன்சோலிலும் சொல்ல வேண்டும். பிஎஸ்2-இல் டிஸ்க் இல்லாமல் போட்டால் வரும் மெனுவில் சிஸ்டம் கான்ஃபிகரேஷன், ‘காம்பொனென்ட் வீடியோ அவுட்’. அது ஆர்ஜிபி என்று இருந்தால் ‘ஒய் சிபி சிஆர்’ என்ற வகைக்கு மாற்றுங்கள். பழைய மஞ்சள் கேபிளில் வைத்தே இதை மாற்றிவிட்டுப் பிறகு புதுக் கேபிளைச் செருகுவது எளிது. வீ-யில் ஸ்கிரீன், டிவி ரெசல்யூஷன் என்ற இடத்தில் 480பி-ஐத் தேர்ந்தெடுக்க வேண்டும். காம்பொனென்ட் கேபிள் செருகியிருந்தால்தான் அதை ஏற்கும்.

இவற்றை ஒன்றாக்க, பட்டன் அழுத்தி மாற்றும் காம்பொனென்ட் செலக்டர் பெட்டி போதும். அது கிடைக்காவிட்டால் மஞ்சள், வெள்ளை, சிவப்பு துளைகள் உள்ள சாதாரண ஏவி செலக்டர் இரண்டு வாங்கி, ஒன்றில் படத்தின் மூன்று பிளக்கையும், மற்றதில் ஒலியின் இரண்டையும் செருகலாம். துளையின் நிறம் வெறும் அடையாளம்தான், உள்ளே ஒரே மாதிரி கம்பி. இரண்டு பெட்டியிலும் எண்ணை ஒன்றாக மாற்ற வேண்டும் என்பதுதான் தொல்லை. ஒய் வடிவக் கேபிளால் இரண்டு கன்சோலின் மஞ்சள் பிளக்கை ஒன்றாக இணைக்க மட்டும் செய்யாதீர்கள். இரண்டு வெளிவழியும் ஒன்றையொன்று இழுத்து, படம் மங்கும். இரண்டும் ஒரே நேரத்தில் ஓடினால் வெளிவழிச் சுற்றுக்கும் நல்லதல்ல.

இனி ஒரே கன்வர்ட்டர். மிக மலிவானது ‘ஏவி டு எச்டிஎம்ஐ’ என்ற கைப்பிடியளவுப் பெட்டி. மஞ்சளை மட்டும் வாங்கும். ‘எச்டிஎம்ஐ டு ஏவி’ என்று அதே உருவத்தில் எதிர்த்திசைப் பெட்டியும் விற்கிறது, ஒன்று மற்றதன் வேலையைச் செய்யாது. இந்த மலிவு வகையின் குறை 240பி. பிஎஸ்1-உம் அதற்கு முந்தைய கன்சோல்களும் பெரும்பாலும் 240 வரிகளை ஒரே வீச்சில் அனுப்புபவை. பெட்டியோ அதை 480ஐ (480 வரிகளை ஒன்றுவிட்டு ஒன்றாக இரண்டு வீச்சில் அனுப்பும் முறை) என்று தவறாக எடுத்துக்கொண்டு, அடுத்தடுத்த ஃபிரேம்களை ஒன்றோடொன்று பின்னிவிடும். வேகமாக ஓடும் உருவத்தின் ஓரம் சீப்புப் பல் போல் பிளக்கும். அடிபட்டால் மினுக்கும் பாத்திரம் மினுக்காமலே மறைந்துபோகும். கூடவே தாமதமும் சேரும்: ஒரு ஃபிரேம் என்றால் 60 ஹெர்ட்ஸில் 16.7 மில்லி நொடி, ‘பால்’ (PAL) என்ற டிவி முறைக்கான கன்சோலின் 50 ஹெர்ட்ஸில் 20. குதிக்கும் கேம்களில் இது கையில் தெரியும்.

பழைய கேம்களை உண்மையிலேயே விரும்பி ஆடுபவர்கள் ஓஎஸ்எஸ்சி அல்லது ரெட்ரோடிங்க் வகைக் கருவிக்குப் போவது நல்லது. விலை அதிகம்தான், ஆனால் படத்தின் வித்தியாசம் கண்ணுக்கு நேராகத் தெரியும். ஓஎஸ்எஸ்சி வரிகளை இரட்டித்து மும்மடங்காக்கி உடனுக்குடன் அனுப்பும், தாமதம் கிட்டத்தட்ட இல்லை. ஆனால் மஞ்சள் பிளக்கை வாங்காது. அது அனுப்பும் வழக்கத்துக்கு மாறான ரெசல்யூஷனைச் சில டிவிகள் ஏற்காது. 2021-இல் வந்த ரெட்ரோடிங்க் 5எக்ஸ் காம்போசிட் முதல் ஸ்கார்ட் வரை வாங்கி, வழக்கமான 1080பி-யாகக் கொடுக்கும். தாமதம் ஒரு ஃபிரேமுக்கும் குறைவு. ஆறேழு பழைய கன்சோல் இருந்தாலும் இதில் ஒன்று போதும்.

எச்டிஎம்ஐ போர்ட்டைத் தொடாத இன்னொரு வழியும் இருக்கிறது. டிவியின் பின்னால் ‘ஏவி இன்’ இருந்தால் பழைய கன்சோலை நேரடியாக அதில் செருகலாம். பல டிவிகளில் காம்போசிட்டும் காம்பொனென்ட்டும் ஒரே துளைகளைப் பங்கிட்டுக்கொள்ளும்; மஞ்சளைப் பச்சைத் துளையில் செருக வேண்டும். புதிய டிவிகளில் 3.5 மில்லிமீட்டர் துளை மட்டும் இருக்கும், அதிலிருந்து மஞ்சள், வெள்ளை, சிவப்பாகப் பிரியும் கேபிளை டிவி கம்பெனிக்கு ஏற்ப வாங்க வேண்டும். உள் இணைப்பு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கேம்கார்டர் கேபிளைச் செருகினால் படத்துக்குப் பதில் ஒலியில் ‘ஜூ’ என்ற இரைச்சல்தான் வரும். பிஎஸ்2-ஐ டிவியின் காம்பொனென்ட்டில் செருகி பிஎஸ்1 டிஸ்க் போட்டால் திரை கறுத்துவிடலாம்; அந்த டிவி காம்பொனென்டில் 240பி-ஐ ஏற்காது என்று பொருள், கன்சோலில் கோளாறில்லை.

மானிட்டரில் ஆடுபவர்களுக்கு

மானிட்டரில் எச்டிஎம்ஐ ஒன்றோ இரண்டோ, கூடவே ஒரு டிஸ்ப்ளேபோர்ட். கன்சோல் எதிலும் டிஸ்ப்ளேபோர்ட் கிடையாது. விலை குறைந்த மாற்றிக் கேபிள்கள் கம்ப்யூட்டரின் டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து எச்டிஎம்ஐ டிவிக்குப் போவதற்கானவை. திருப்பிச் செருகினால் ஒன்றும் வராது. எச்டிஎம்ஐயிலிருந்து டிஸ்ப்ளேபோர்ட்டுக்கு மாற்ற, யூஎஸ்பி பவர் வாங்கும் தனிக் கருவி வேண்டும். கம்ப்யூட்டரை டிஸ்ப்ளேபோர்ட்டுக்கு மாற்றி எச்டிஎம்ஐகளைக் கன்சோல்களுக்கு விட்டுவிட்டால் அந்தச் செலவே வேண்டாம். பிஎஸ்5-க்கு 1440பி 2022 செப்டம்பர் அப்டேட்டில்தான் வந்தது. அப்டேட் செய்யாத கன்சோலில் அந்தத் தேர்வு தெரியாது.

செருகும்போதும், படம் வராதபோதும்

எல்லாக் கருவியையும் சுவிட்ச் போர்டிலேயே அணைத்துவிட்டுச் செருகுங்கள். இரண்டு பின் பிளக் உள்ள கருவிகளுக்கு எர்த் கிடையாது; எச்டிஎம்ஐ பிளக்கின் உலோக விளிம்பில் விரல் பட்டால் மெல்லிய ஷாக் அடிப்பது அந்தக் கசிவால்தான். ஆளை ஒன்றும் செய்யாது, ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் இரண்டு கருவிகளை இணைக்கும் அந்த நொடியில் போர்ட்டின் சிப்பைப் பதம் பார்க்கலாம். செட்-டாப் பாக்ஸும் ஸ்விட்ச்சரில் இருப்பதால் இன்னொரு கவனம் தேவை: இடி மின்னல் நேரத்தில் டிஷ்ஷிலிருந்து வரும் கேபிளைத் திருகிக் கழற்றிவிடுங்கள். பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது, அந்தக் கேபிள் வழியாக வரும் அதிர்ச்சி எச்டிஎம்ஐ வழியே டிவிக்கும் மற்றக் கருவிகளுக்கும் போகும்.

ஒவ்வொரு கேபிளின் இரண்டு முனையிலும் ஒரு துண்டு டேப் ஒட்டிப் பெயர் எழுதுங்கள். ஐந்து கறுப்புக் கேபிள் ஒன்றாகத் தொங்கும்போது வேறெதுவும் உதவாது.

படம் வரவில்லையா? ஸ்விட்ச்சரின் பவரைப் பிடுங்கி அரை நிமிடம் விடுங்கள். பிறகு டிவி, ஸ்விட்ச்சர், கன்சோல் என்ற வரிசையில் போடுங்கள். அப்போதும் வராவிட்டால் கன்சோலை டிவியில் நேராகச் செருகுங்கள். அங்கே வந்தால், ஸ்விட்ச்சரில் வேறு உள்வழி, பிறகு வேறு கேபிள் என்று ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். பொட்டுகளோ விட்டுவிட்டுக் கறுப்போ என்றால் அகலம் போதவில்லை: பிஎஸ்5-இன் வீடியோ அவுட்புட் பக்கத்தில் ‘4கே வீடியோ டிரான்ஸ்ஃபர் ரேட்’ என்பதை -1 அல்லது -2 ஆக்குங்கள். அதில் சரியாகிவிட்டால் கேபிளையோ ஸ்விட்ச்சரையோ மாற்ற வேண்டும் என்று தெரிந்துவிடும். அதற்குப்பின் ஆட்டோமேட்டிக்குக்கே திருப்பிவிடுங்கள்.

கன்சோலே தவறான ரெசல்யூஷனில் மாட்டிக்கொள்வதும் உண்டு, குறிப்பாக வேறு டிவியிலிருந்து கொண்டுவந்தால். பிஎஸ்4, பிஎஸ்5-ஐ முழுதாக அணைத்து, பவர் பட்டனை இரண்டாவது ‘பீப்’ கேட்கும் வரை, சுமார் ஏழு நொடி, அழுத்திப் பிடித்தால் சேஃப் மோட் வரும். கன்ட்ரோலரை யூஎஸ்பி கேபிளில் செருகி ரெசல்யூஷனை மாற்றலாம். பிஎஸ்3-இலும் அணைத்த நிலையிலிருந்து பவர் பட்டனை இரண்டாவது பீப் வரை பிடித்தால் பட அமைப்பு ஆரம்ப நிலைக்குத் திரும்பும். பல வருடம் மஞ்சள் கேபிளிலேயே இருந்த பிஎஸ்3-ஐ எச்டிஎம்ஐக்கு மாற்றும்போது படமே வராமல் போவது இதனால்தான். எச்டிஎம்ஐயைச் செருகி வைத்து அந்தப் பட்டனை அழுத்துங்கள், ‘எச்டிஎம்ஐயில் காட்டட்டுமா’ என்று அதுவே கேட்கும்.